என் கைப்பையில் அவளுடைய ஆணுறைகள்

கனடாவில் சிட்டிசன் எடுத்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் எங்கள் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெண். தற்காலிக வேலை அனுமதியில் வந்தவள். வில்லரேப் பகுதியில் ஒரு மசாஜ் கடையில் வேலை. என்ன மசாஜ் என்பதை அவளே மறைக்காமல் சொன்னாள். என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கிவிட்டேன். மற்றதெல்லாம் ஓட்டைப் பிரெஞ்சில்தான் பேசினோம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"அவளோடை உனக்கென்ன கதை?" என்றார் என் கணவர்.

"ஏன், கதைச்சால் உங்கடை மீசை கொட்டுண்டிடுமோ?" என்றேன்.

ஒரு வின்டரில் அவள் அடிவயிற்றைப் பிடித்தபடி வகுப்புக்கு வந்தாள். காய்ச்சலும் கொதித்தது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நேர்ஸ், ஆணுறை இல்லாமல் வந்த தொற்று என்று சொல்லி, மருந்தோடு ஒரு பை நிறைய ஆணுறையும் கொடுத்தா. வெளியே வந்ததும் அவள் அந்தப் பையை மெட்ரோ வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரே?"

"எங்கடை நாட்டிலை இந்தத் தொழில் தடை, அக்கா. பொலிஸ் முதல் பாக்கிறது கைப்பையைத்தான். இது இருந்தால் இதுவே சாட்சி. என்னை அப்பிடித்தான் பிடிச்சவங்கள். நீதவானுமில்லை, வழக்குமில்லை. உங்களைத் திருத்திறம் எண்டு ஆறு மாதம் பூட்டி வைச்சுப் பொம்மை தைக்க விட்டவங்கள். இப்ப அப்பிடிப் பூட்டுற சட்டத்தை நீக்கிட்டாங்கள். பிடிக்கிறதை விடேல்லை."

"இது கனடா. இஞ்சை வாங்கிறவனுக்குத்தான் குற்றம், விக்கிறவளுக்கு இல்லை."

"அது உங்களுக்கு. என்ரை வேலை அனுமதியிலை இந்த வேலை செய்யக்கூடாது எண்டு எழுதியிருக்கு. பிடிச்சால் பிளேன்தான்."

குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டுப் பையை எடுத்தேன். "இது என்னட்டை இருக்கட்டும். நான் சிட்டிசன், என்னை ஆரும் பிளேன் ஏத்தேலாது. வேலைக்குப் போகேக்கை வந்து எடு."

அப்படியே நடந்தது. வகுப்பு முடிந்ததும் பஸ் தரிப்பில் வைத்து இரண்டோ மூன்றோ எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் கணவர் தலையிடி மாத்திரை தேடி என் கைப்பையைத் திறந்துவிட்டு நின்ற கோலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். விஷயத்தைச் சொன்னேன். பையை மூடி என்னிடமே தந்தார்.

பிறகு அவளுடைய கடைக்குப் பக்கத்துக் கடையில் குடிவரவு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அடுத்த வகுப்பன்று அவள் என் பையைத் தொடவில்லை.

"முதலாளியம்மா கடைக்குள்ளை ஆணுறை ஒண்டும் கொண்டு வரக்கூடாது எண்டிட்டா. கண்டால் சாட்சியாம்."

"அப்ப திரும்ப அந்தத் தொற்று வருத்தம் வந்தால்?" கத்தியே விட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வருத்தத்துக்கு நேர்ஸ் மருந்து தருவா, அக்கா. அங்கை திருப்பி அனுப்பினால் எனக்கு ஆர் இருக்கினம்?"

எனக்கு அழுகைதான் வந்தது. பஸ் வந்தது, வெறுங்கையோடு ஏறி வேலைக்குப் போனாள்.