மாண்புமிகு போடாமல் கூப்பிட்டவர்

எங்கள் நீதிமன்றத்து டவாலிக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிடுவது அவர் வேலை. அவர் வாயைத் திறந்தால் கீழே கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட ஒரு கணம் கையை நிறுத்துவார். கதவோரம் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் எனக்குக் காது பாதி போய்விட்டது. திருடன், மோசடிக்காரன், கட்டியவளைக் கைவிட்டவன் என்று யாராக இருந்தாலும் அப்பன் பெயரையும் சேர்த்து மொட்டையாகத்தான் கூப்பிடுவார். அதில் ஓரவஞ்சனை கிடையாது.

நாட்டின் கஜானாவைத் துடைத்து வைத்துவிட்டு இறங்கிப்போன தலைவர்மேல் நாலு பேர் வழக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வரியை இஷ்டத்துக்குக் குறைத்து, நோட்டாக அச்சடித்துத் தள்ளிய மனிதர் அவர். நாடு நொடித்ததற்கு அவர் பொறுப்பா இல்லையா என்பதை எங்கள் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

மருந்து இறக்குமதிக்கு டாலர் இல்லை என்று கைவிரித்த நாட்களில்தான் மைக்செட்டின் மனைவிக்கு டயாலிசிஸ் நின்றது. வீங்கிய காலோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபடியே அந்த அக்கா போய்ச் சேர்ந்தார். மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தலைவர் டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வழக்கு வந்ததிலிருந்து மைக்செட்டுக்கு ஒரே ஆசை.

"ஜெயில்ல போடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. மத்தவங்கள மாதிரி மொட்டையா மூணு தடவ கூப்பிடணும். அது போதும் எனக்கு."

தீர்ப்பு நாளன்று தலைமை எழுத்தர் வந்து, "முன்னாடி மாண்புமிகு, பின்னாடி அவர்கள். மறந்துடாதீங்க" என்றார். மைக்செட் தலையை ஆட்டினார். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்தார். வராந்தாவுக்குப் போய் அப்பன் பெயர், பிள்ளை பெயர், அவ்வளவுதான், மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்துவிட்டது.

தலைவர் வரவில்லை. ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்று வக்கீல் சொன்னார். நீதிபதி தீர்ப்பைப் படித்தார். நாடு நொடித்ததற்கு அவரே பொறுப்பு, வழக்குச் செலவை அவரே தர வேண்டும். அத்தோடு சரி. தண்டனை கொடுக்க அந்த வழக்கில் வழியே இல்லையாம். வழக்குப் போட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுவாரம் மைக்செட்டுக்கு மெமோ வந்தது. முன்னாள் தலைவரை அவமதித்ததற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் போகும், பென்ஷனும் போகும். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குங்க எழுதணும்?" என்று கேட்டார்.

"அவருக்குத்தான்" என்றார் தலைமை எழுத்தர், முகத்தைப் பார்க்காமல்.

மைக்செட் என் மேஜைக்கு வந்தார். "நீயே அடிச்சுக் குடு தம்பி. என் கையால எழுத வேணாம்."

அடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். இத்தனை பேர் குடி கெட்டதே, அதற்காக மேலே இருந்த ஒருத்தராவது ஒரு வரி எழுதினாரா? அந்த விவகாரம் முழுவதிலும் எழுதப்பட்ட ஒரே மன்னிப்புக் கடிதம் இதுதான்.

கொஞ்ச நாள் கழித்துப் பேப்பரில் தலைவர் படத்தோடு செய்தி வந்தது. நீதிமன்ற ஊழியரைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டாராம். மகள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"இந்தாளு உங்கள மன்னிக்கிற அளவுக்கு நீங்க என்னப்பா பண்ணீங்க?"

பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் மைக்செட் சொன்னார்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டேம்மா."