ஊசியைக் கொடுத்துட்டுச் சாப்பிடு

எங்கள் வீட்டில் சட்டை கிழிய வேண்டிய அவசியமே இல்லை. காலர் கொஞ்சம் வெளுத்தாலே போதும், என் ஓர்ப்படி அதன் மேல் கண் வைத்துவிடுவாள். "இது இன்னும் ஒரு வருஷம் வரும்" என்று என் கணவர் கெஞ்சுவார். "வரட்டும், போர்வையா வரட்டும்" என்பாள். நல்ல சட்டையை அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆண்களை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்பேன், தெருவுக்கு அவள் ஊசியக்கா. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா? வரும். அதில் பாதி ஊசியால் வரும்.

பட்டன் தைக்க ஊசி கேட்டால் மறுக்காமல் கொடுப்பாள். ஆனால் அது திரும்பி வரும்வரை கேட்டவருக்குத் தட்டு விழாது. "ஊசியைக் கொடுத்துட்டுச் சாப்பிடு." பெரியவர், அதாவது அவள் கணவர், ஒருநாள் கொதித்துப் போய், "நான் என்ன உன் ஊசியை முழுங்கிடவா போறேன்?" என்று கத்தினார். "முழுங்கினாக்கூடத் தெரிஞ்சிடும். கீழே விழுந்தாத்தான் தெரியாது" என்றாள். அவர் எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் போர்வை தைக்கும் விதம் அப்படி. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு கெட்டித் துணி விரிப்பாள். அதன்மேல் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய படுக்கை விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே சட்டைத் துண்டு, திரைச்சீலைத் துண்டு என்று சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க நீள ஊசிகளைக் குத்தி அடக்குவாள். குண்டூசி அந்தத் தடிமனில் நழுவிவிடுமாம். பிறகு மூன்றையும் சேர்த்து நெடுக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வருவாள். தையல் நெருங்க நெருங்க ஒவ்வோர் ஊசியாக உருவி, ஜன்னலோரம் இருக்கும் சிவப்புத் துணி உருண்டையில் குத்துவாள். உருண்டையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அடுப்பில் பால் பொங்கினாலும் ஊசியைக் குத்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பொங்கிய பாலைத் துடைப்பது யார்? நான்தான்.

அவள் போர்வை போகாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. சொந்தபந்தத்தில் போகாத ஒரே வீடு, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்த அவள் தம்பி வீடு. தம்பி மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவளும் ஊசிக்காரிதான், ஆனால் வேறு ஜாதி ஊசி. கல்யாணமான புதிதில் அக்கா ஒரு போர்வையை நீட்டியபோது, "பழைய துணி எல்லாம் எனக்கு ஒத்துக்காது அண்ணி, கிருமி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரத்தை எல்லாம் டமார் டமார் என்று போட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

குழந்தை பிறந்து சில மாதம் ஆனபின் அந்தப் பெண்ணே போன் செய்தாள். "அண்ணி, பக்கத்து வீட்டுல உங்க போர்வை ஒன்னு பார்த்தேன். பாப்பாவை அதுல போட்டதும் தூங்கிட்டா. எனக்கும் ஒன்னு தைச்சுத் தருவீங்களா?" அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, லாட்டரி விழுந்தவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள், வெயிலில் காய வைத்தாள், மறுபடியும் கொதிக்க வைத்தாள். "அக்கா, துணியா சூப்பா?" என்று கேட்டேன். "நீ சும்மா இரு" என்றாள்.

கடைசி மூலையைத் தைக்கும்போது தம்பி வாசலில் வந்து நின்றான். வேலைக்கு நேரமாச்சு என்று ஹாரனை அழுத்தினான், விட்டான், அழுத்தினான். அவள் அவசர அவசரமாக முடிச்சுப் போட்டு, மடித்து, பையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த ஹாரன்காரனை நினைத்தால் எனக்கு இப்போதும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

மறுநாள் காலை அடுத்த போர்வைக்கு உட்கார்ந்தவள், சிவப்பு உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"ஒரு நீள ஊசி இல்ல."

மேசைக்கு அடியில் தேடினோம், நாற்காலி மெத்தையை உதறினோம், குப்பையைக் கொட்டிக் கிளறினோம். எங்கும் இல்லை. அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அந்தக் கடைசி மூலை" என்றாள். "அதுல இருந்து உருவினேனா? உருவின ஞாபகமே இல்லையேடி."

தம்பி மனைவிக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. குழந்தை தூங்கினால் அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். தம்பிக்குப் போட்டோம். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். போகிற போக்கில் நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு காகிதத்தையே ஒழுங்காகப் பிடிக்காத காந்தம் அது, ஆனாலும் ஏதாவது கையில் இருக்க வேண்டும்போல இருந்தது.

பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. அக்கா முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். "குப்புற விழப் பழகுற வயசுடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு, வாய்..." என்று ஆரம்பித்தாள். "போதும்கா, நிறுத்து" என்று அதட்டினேன். எனக்கே அழுகை வந்தது.

நான்தான் யோசனை சொன்னேன். "ஓரம் சரியா வரலை, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்னு வாங்கிக்க. ஊசின்னு மூச்சு விடாத. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அவளே கேட்டிருக்கா." அக்கா சரி என்று தலையாட்டினாள்.

கதவைத் திறந்த தம்பி மனைவி விரலை உதட்டில் வைத்தாள். உள்ளே தரை மெத்தையில் அந்தப் போர்வை விரிந்திருந்தது. அதன் நடுவே குழந்தை கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள். "குழந்தையைத் தூக்கும்மா. போர்வைக்குள்ள ஊசி இருக்கலாம். நான் விட்டுட்டேன்."

அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்தாள். விளக்கடியில் நின்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். குழந்தை வீறிட்டது. கீறல் ஒன்றும் இல்லை. பிறகு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். என் காந்தம் எதிலும் ஒட்டவில்லை. ஓரத்தைப் பிரித்து, நடு விரிப்பை உருவி வெளியே எடுத்தபோது மூலை மடிப்பில் மின்னியது. துணிக்குள் படுக்கையாகக் கிடந்தது. முனை மட்டும் மேல்பக்கம் நோக்கி இருந்தது.

அவள் அதை எடுத்துத் தரையில் வைத்தாள். "இனிமே நான் ஊசியைத் தொட மாட்டேன்" என்றாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். சாத்திய கதவுக்கு எதிரில் உட்கார்ந்து அழுகிறவளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தோளில் குழந்தை தூங்கியிருந்தது. தம்பி மனைவியின் கண்ணும் சிவந்திருந்தது. பிரிந்து கிடந்த துணிகளையும் ஊசியையும் பார்த்தாள்.

"உங்களை நல்லாத் திட்டணும்னுதான் வெளிய வந்தேன் அண்ணி" என்றாள்.

"திட்டும்மா."

"எங்க வேலையில ஒரு ஊசி தவறிப்போச்சுன்னா நான் இல்ல, நான் இல்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க பஸ் ஏறி வந்து சொல்றீங்க. உங்களை நான் எப்படித் திட்டறது?"

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த ஊசியை எடுத்து, பஞ்சால் துடைத்து, ஒரே தடவையில் நூல் கோத்து நீட்டினாள். "இவ எழுந்திருச்சாப் போர்வையைத் தேடுவா. இங்கேயே தைங்க."

"என் கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். நான் துணியைப் பிடிச்சுக்கறேன்."

முதல் சில தையல் கோணல் மாணலாக விழுந்தது. இப்போதும் அந்த மூலையில் பார்த்தால் தெரியும். போகப் போகக் கை பழைய வேகத்துக்கு வந்தது. மதியம் தாண்டித்தான் முடித்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தம்பி மனைவி தட்டு வைத்து, பரிமாறி, சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பெண் தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை அக்காவின் முன்னால் நீட்டினாள்.

"ஊசியைக் கொடுத்துட்டுச் சாப்பிடுங்க அண்ணி."