மஸ்கட் தட்டோடு டே கெயார் பார்க்கப் போனோம்: மருதமுனை முதல் கோமாரி வரை

போன பள்ளிக்கூடத் தவணை தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமை, மருதமுனையிலிருந்து கோமாரிக்கு வேன் பிடித்துப் போனோம். கடல் குளிக்க இல்லை. இரண்டரை வயதுப் பிள்ளையைப் பகலில் யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று தேடித்தான் போனோம். வழக்கமாக நான் இந்தப் பக்கத்தில் பஸ் நேரமும் சாப்பாட்டுக் கடையும்தான் எழுதுவேன். ஆனால் எங்கள் கரையோரத்தில் தூர இடத்துக்கு நியமனம் கிடைத்து, கைப்பிள்ளையோடு முழித்துக்கொண்டிருக்கும் தாய்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இது. சிரிக்கவும் இதில் விஷயம் இருக்கிறது, பாதி என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியது.

பிள்ளை ஹனா, என் தங்கை சிபானாவின் மகள். படித்து முடித்து வருடக்கணக்காகக் காத்திருந்த சிபானாவுக்கு கோமாரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை நியமனம் வந்தது. திங்கட்கிழமை போய்க் கடமை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நியமனம் கையை விட்டுப் போகும். எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. பக்கத்து வளவில் தாய், அடுத்த வளவில் சகோதரி. பிள்ளை மூன்று வீட்டுக் குசினிக்குள்ளும் புகுந்து சாப்பிட்டு வளர்ந்துவிடும். எங்கள் உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டா. நானோ கைத்தறிச் சாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிழமையில் ஐந்து நாள் பஸ்ஸில் கிடப்பவள். ஆகவே குசினி மூன்றும் பூட்டு.

சிபானாவின் மாப்பிள்ளை நௌபர், சாய்ந்தமருதுக்காரர், போட் என்ஜின் திருத்துகிறவர். எனக்கு மச்சான் முறை. மச்சானைச் சீண்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவர் வாய் திறந்து நாலு சொல் கதைப்பது பெருநாளைக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சிபானா சொன்னாள். நான் விடவில்லை. அறியாத ஆட்களிடம் ஒன்று கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு, ஆளில்லாமல் போவதா? மாப்பிள்ளை கேட்டுப் போவது மாதிரிப் போக வேண்டும் என்றேன். ஒரு தட்டு நிறைய மஸ்கட் இனிப்பு வெட்டி அடுக்கி, பட்டுத் துணியால் மூடினேன். பக்கத்து வீட்டு மாமிமார் இரண்டு பேரும் புதுச் சாரி உடுத்தி ஏறினார்கள். வேன் ஓட்டியது எங்கள் ஒழுங்கைக்குள் குடியிருக்கும் பொடியன் றமீஸ். போய்வர டீசல் எண்ணெயோடு பன்னிரண்டாயிரம் ரூபாய். பஸ்ஸில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தப் புத்தி எனக்குப் பிறகுதான் வந்தது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் தெரியாமல் போகும். ஒலுவில் தாண்டும்போது வயலெல்லாம் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் பச்சையாக நின்றது. எட்டு மணி தாண்டி அக்கரைப்பற்று. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அங்கே வீட்டோடு டே கெயார் நடத்தும் ஒரு ராத்தாவின் விலாசத்தைச் சிபானா கேட்டு வைத்திருந்தாள் (அக்காவை எங்கள் பக்கம் ராத்தா என்போம்). பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி, இங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்பது கணக்கு. கேற்றைத் திறந்த ராத்தா, வேனிலிருந்து நாங்கள் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

"எத்தன புள்ள?" என்று கேட்டா.

"ஒண்டுதான்" என்றேன்.

"அப்ப மத்த ஆக்கள்?"

"பாக்க வந்த."

"வாசல்லயே பாருங்க. உள்ள ஒம்பது பேர் இப்பதான் அழுது முடிச்சிருக்காங்க. இன்னும் ஆறு பேர உள்ள விட்டா திரும்பவும் தொடங்கிருவாங்க."

இடம் இல்லை. ஒருவர் விலகினால்தான் அடுத்தவர். ஆனாலும் வாசலில் நின்றபடியே நல்லது நாலு சொல்லித் தந்தா. வேலைக்குப் போகிற யோசனை வந்த உடனேயே இடம் சொல்லி வைக்க வேண்டுமாம், நியமனக் கடிதம் வந்த பிறகு ஓடி வரக்கூடாதாம். பாலர் பாடசாலை வேறு, டே கெயார் வேறு. பாலர் பாடசாலை மத்தியானத்துக்கு முன்னமே பிள்ளையைக் கையில் தந்துவிடும். பிள்ளையைப் பார்ப்பவர்களின் கஷ்டத்தையும் சொன்னா. மூன்று மணிக்கு வருகிறேன் என்ற தாய் ஐந்து மணிக்கு வருவதும், காய்ச்சல் பிள்ளைக்கு மருந்தைப் பருக்கிவிட்டுச் சொல்லாமல் விட்டுப் போவதும்தான் பெரிய தலைவலியாம். அந்தக் காய்ச்சல் மாலைக்குள் ஒன்பது வீட்டுக்குப் போய்விடுமாம்.

மஸ்கட்டில் நாலு துண்டு கொடுத்துவிட்டு வேனில் ஏறினோம். "ராத்தா, மாப்புள அமையல்லியா?" என்று றமீஸ் என்னிடம் கேட்டான். தலையில் ஒரு குட்டுப் போட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே போனால் தம்பிலுவில், திருக்கோவில். அதற்கப்பால் வீடுகள் குறைந்து தென்னையும் பற்றையும் கடற்காற்றும்தான். மாலை மங்கினால் யானை ஏறும் றோட்டு, பகலிலேயே திரும்பிவிடுங்கள். ஹனா என் மடியிலேயே தூங்கிவிட்டாள். சிபானா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். இங்கேயும் இல்லையென்றால் நியமனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போவதாக அவள் முதல்நாள் இரவே சொல்லியிருந்தாள். நௌபர் மச்சான் கரையில் இழுத்துப் போட்டிருந்த போட்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், புள்ளைக்கு இடம் பாக்க வந்தீங்களா, என்ஜினுக்கா?" என்றேன்.

"ரெண்டுக்கும்தான் மச்சி" என்றார். பகிடி என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கோமாரி. பத்மா என்ற தமிழ்ப் பெண்பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், தன் வீட்டோடு சேர்ந்த ஓலைக் கொட்டிலில் டே கெயார் நடத்துகிறா. கடலுக்குப் போகிற, தென்னந்தோட்டத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவத்துக்கென்று இருக்கும் உத்தியோகத்தரிடம் சிபானா தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பெயர். பத்மா கதவால் வெளியே வந்து, பட்டுத் துணி மூடிய தட்டையும் புதுச் சாரி மாமிமாரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றா.

"அக்கா, வீடு மாறி வந்துட்டீங்க போல. இஞ்ச கலியாண வயசில ஒருத்தரும் இல்ல. மூத்தவளுக்கே நாலு வயசுதான்."

"தங்கச்சி, நாங்க கலியாணத்துக்கு வரல்ல. இந்தப் புள்ளய பகல்ல வெச்சிருக்க ஏலுமா எண்டு கேக்க வந்த."

"அதுக்கா இத்தன பேர்?" என்று சிரித்தா. சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கொட்டிலைச் சுற்றிப் பார்த்தோம். நிலம் சுத்தம். கிணற்றுக்கு உயரக் கட்டும் வலை மூடியும் இருந்தன. கடல் பக்கம் வேலி அடைத்து, கேற்றின் கொளுக்கி பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில். ஹலால் சாப்பாட்டை எப்படிக் கேட்பது என்று சிபானா தயங்கினாள். பத்மாவே சொன்னா: "ஒங்கட சாப்பாட நீங்களே கட்டிக் குடுங்க மிஸ். நான் சூடாக்கி வாயில தீத்துவன். இஞ்ச முட்டையும் பருப்பும்தான். என்ட சட்டியில வேற ஒண்டும் வேகாது."

எல்லாம் சரி. பிள்ளைதான் சரிவரவில்லை. சிபானா உள்ளே இருக்க, ஹனா அவள் அபாயாவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மாமிமார் வேலிக்கு மேலால் எட்டி "கிளியே, அழாதீங்க கிளியே" என்று கூப்பிட்டார்கள். நான் சும்மா நின்றேனா? முகத்தைக் கோணலாக்கி, குரங்கு மாதிரிக் கத்தி, மஸ்கட்டை ஆட்டிக் காட்டினேன். ஹனா சத்தத்தை இன்னும் கூட்டினாள். அவளைப் பார்த்து மற்ற ஆறு பேரும் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. சிபானா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ராத்தா, எனக்கு ஏலா. இப்பிடிக் கத்த வெச்சிட்டு நான் என்னத்தப் படிச்சிக் குடுக்கிற? வேணாம் எண்டு எழுதிக் குடுக்கப் போறன்."

பத்மா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தா. "மிஸ், ஒண்டு செஞ்சு பாப்பம். சரிவரும் எண்டு நான் சொல்லல்ல. உம்மாவும் வேணாம். வேலியில நிக்கிற ஆக்களும் வேணாம். எல்லாரும் கடலப் பாத்துட்டு வாங்க. வேற ஒராள் மட்டும் உள்ள இரிக்கட்டும்."

வேறு ஆள் என்றால் நௌபர் மச்சான். ஆளைக் காணவில்லை. கரையில் ஒரு போட்டின் என்ஜின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றவரை றமீஸ் கூட்டி வந்தான். கையெல்லாம் எண்ணெய்.

"மச்சான், இது கயிற இழுத்தா ஸ்டார்ட் ஆகிற சாமான் இல்ல. கையக் கழுவிட்டு உள்ள போங்க" என்றேன்.

நான் கடலைப் பார்க்கப் போனதாகப் போய், தென்னைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சும்மா விட்டுவிட்டுப் போவது என்னால் முடியாத காரியங்களில் ஒன்று. மச்சான் பிள்ளையைத் தூக்கவில்லை, கொஞ்சவுமில்லை. மூலையில் போய் இருந்து, சில்லுக் கழன்று கிடந்த விளையாட்டு ஓட்டோ ஒன்றை எடுத்து, சேட்டுப் பையிலிருந்து ஆணி முறுக்கும் சின்னத் திருப்புளியை எடுத்துச் சில்லைப் பூட்டத் தொடங்கினார். முதலில் ஒரு பொடியன் அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினான். பிறகு இன்னொருத்தி. மூன்றாவது பிள்ளை மச்சானின் தோளில் கை வைத்ததும் ஹனாவுக்குப் பொறுக்கவில்லை. அழுகையை நடுவிலே விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "என்ட வாப்பா" என்றாள். ஓட்டோ ஓடியது. எல்லோரும் அதற்குப் பின்னால் ஓடினார்கள், ஹனாவும்தான். மச்சான் மெதுவாக எழும்பி வெளியே வந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள், வாய் கோணியது, பிறகு ஓட்டோ அவள் பக்கம் திரும்பி வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பத்மா தீத்திய சோற்றைத் தின்றாள்.

சிபானா கரையில் மணலில் இருந்தாள். செய்தியைச் சொன்னோம். அவளுக்குச் சந்தோஷம் அரைநிமிடம்தான் நின்றது.

"ஒரு நாள் சரி. ஒவ்வொரு நாளும் விடிய முந்தி மருதமுனையால இந்தப் புள்ளய பஸ்ல கொண்டு வாறது எப்பிடி? பின்னேரம் திரும்பிப் போறது எப்பிடி?"

நௌபர் மச்சான் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன் போகணும்? இஞ்ச இவ்வளவு போட் இரிக்கி. என்ஜின் பழுதாப்போனா பொத்துவில்ல இரிந்து ஆள் வரணுமாம். அந்த போட்காரர்ட வளவுல ரெண்டு அறை வீடொண்டு சும்மா கிடக்கி. கேட்டுட்டன்."

"சீதன வீட்டப் பூட்டிப்போட்டு வாடக வீட்டுக்கா? ஊர் என்ன செல்லும்?" என்றார் மூத்த மாமி.

"நான் ஒருக்கா ஒரு பேக்கோட வீடு மாறி வந்தவன்தானே மாமி. இன்னொருக்கா மாறினா என்ன?" என்றார் மச்சான். பெருநாளும் இல்லை, இத்தனை சொல்.

சிபானா என்னைப் பார்த்தாள். அவள் போனால் என் பக்கத்து வளவில் விளக்கில்லை. பகிடி ஒன்று சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில், "ஊர் என்ன செல்லுமோ செல்லட்டும் மாமி. கதைக்க வாற ஆக்கள்ல நாலு பேர் என்னட்டச் சாரியும் வாங்கட்டும். வீட்டுத் திறப்ப என்னட்டத் தந்துட்டுப் போ, சிபானா" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் மச்சானை ஒருதரம்கூடச் சீண்டவில்லை. "ராத்தாக்கு வருத்தமோ?" என்று றமீஸ் மூன்று தரம் கேட்டான்.

மீதி மஸ்கட்டைப் பத்மாவிடம் கொடுத்திருந்தோம். தட்டை வெறுமையாகத் தரவில்லை, முருங்கைக்காயும் நாலு தேங்காயும் வைத்துத் தந்தா.

தேடிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளை, யார் பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவவுக்குத் தெரியும். பதிந்த இடங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். போகும்போது கிளினிக் கார்டைக் கொண்டு போங்கள், ஊசி போட்டது பார்ப்பார்கள். கிணறு, கேற், கக்கூஸ் மூன்றையும் கண்ணால் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கூட்டிப் போக யார் வரலாம் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். பிந்தினால் கோல் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்கிற பெண்ணும் மாலையில் தன் வீட்டுக்குச் சமைக்க வேண்டியவள். கல்முனையிலிருந்து பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் கோமாரியில் இறங்கலாம், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். முக்கியமாக, இரண்டு பேர் போனால் போதும். மாமிமாரைப் பெருநாளைக்குக் கூட்டிப் போங்கள்.

சிபானா திங்கட்கிழமை கடமை ஏற்றாள். அவள் வீட்டுத் திறப்பு என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது, பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரத்துக்கு அங்கே விளக்குப் போட்டுவிட்டு வருவேன். இரண்டு மாதம் கழித்து சாரி மூட்டையோடு கோமாரிப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் விடும்வரை பொறுக்க முடியாமல் பத்மாவின் வேலியடியில் போய் நின்றேன். ஹனா கண்டுவிட்டாள். "பெரியும்மா" என்று ஓடி வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கடலப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டோவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.