ஒரு தடவைதான் கேட்பார்கள்

மகள் மேல்படிப்புக்காக ஜெர்மனியில் போய் இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலை மந்திர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கும் கூட்டம் டெல்லி ஆர்.கே.புரத்தில் என் தோசை வண்டியைச் சுற்றி நிற்கும் நாள். கல் நிறைய தோசை கிடக்கும்போது போன் அடித்தது. மனைவி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சட்னி வாளிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"அப்பா, பசிக்குதுப்பா" என்றாள் மகள்.

உதவித்தொகை வாங்கி, விமானம் ஏறிப் போனவள் சொன்ன முதல் வார்த்தை அது. நின்றிருந்த அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. சாதாவா, மசாலாவா என்பதற்கு மேல் நான் யாரிடமும் பேச்சை வளர்த்ததில்லை. அதனால் மனைவிதான் கேட்டாள்.

"ஏண்டி, அங்க யாரும் சாப்பாடு தரலையா?"

"கேட்டாங்கம்மா. நேத்து நான் வந்ததும் பக்கத்து ரூம் பொண்ணு, பாஸ்தா செஞ்சிருக்கேன், சாப்பிடறியான்னு கேட்டா. வேணாம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஓகேன்னு சொல்லிட்டு உக்காந்து அவ சாப்பிட்டா. என் முன்னாடியே."

"மறுபடி ஒரு வார்த்தை கேக்கலையா?"

"இல்லம்மா."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன ஜனங்கடி அதுங்க."

சாப்பிடுகிறாயா என்று யாராவது கேட்டால் முதலில் வேண்டாம் என்பது எங்கள் வீட்டு மரியாதை. கேட்டவுடன் தட்டை நீட்டினால் அலைகிறான் என்று நினைப்பார்கள். இரண்டாவது முறை கேட்டால் "இருக்கட்டும்" என்போம். மூன்றாவது முறை உட்கார்ந்துவிடுவோம். கேட்கிறவருக்கும் இது தெரியும். டெல்லியில் அந்தச் சிரமமும் கிடையாது. எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கேட்பதே இல்லை. "அரே, லே லோ", அதாவது எடுத்துக்கொள் என்று பரோட்டாவைத் தட்டில் போட்டுவிடுவாள். கையால் மறைத்தால் கைமேல் போடுவாள். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே வயிறு நிறைய வளர்ந்த பிள்ளை என் மகள். அவளைக் கொண்டுபோய் ஒரே ஒரு முறை கேட்கிற ஊரில் விட்டால் என்ன ஆகும்?

"கடையில போய் ரொட்டி வாங்கிச் சாப்பிடு" என்றேன்.

"சண்டே இங்க எல்லாக் கடையும் பந்த்பா, தெறக்கவே மாட்டாங்க."

"எல்லாக் கடையுமா?"

"எல்லாக் கடையும்."

அவளுக்காகக் கட்டி வைத்த அரிசியை, எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்திலேயே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் மட்டும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தன. அந்த ஞாயிறு முழுவதும் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கியிருக்கிறாள்.

வண்டிக்கு எப்போதும் வருகிற சார் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. இட்லி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கை கழுவியபடியே சொன்னார்: "நமக்கெல்லாம் அது சரிப்படாதுப்பா. பொம்பளப் பிள்ளை வேற. பேசாம திரும்பி வரச் சொல்லு. இங்க இல்லாத காலேஜா?"

நான் அவருக்குச் சாம்பார் ஊற்றினேன். கை கழுவிவிட்டார் என்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் முழுக்க இதே கதை. வகுப்பில் வாத்தியார் புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். புரியாமலே தலையாட்டியிருக்கிறாள். யாரோ ஒரு பையன் பல்கலைக்கழகத்துக்கு வழி காட்டவா என்று கேட்டிருக்கிறான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, தப்பான பஸ்ஸில் ஏறி எங்கோ வயல்காட்டில் இறங்கியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் வரும், சரியாக மாவு ஊற்றும் நேரத்தில்.

"பஸ்ல யாரும் யார்கிட்டயும் பேசறதே இல்லப்பா. பக்கத்துல உக்காந்தாகூட ஜன்னலத்தான் பாக்கறாங்க" என்று ஒருநாள் அழுதாள். அந்த ஒரு விஷயத்தில் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவில் வந்தாள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் அம்மாவின் சால்வை, தலையில் குல்லா. மூக்கு சிவந்திருந்தது.

"ரூம்ல ஹீட்டரே வேலை செய்யலப்பா. டிக்கெட் போட்டுடு. நான் வந்துடறேன்."

திரும்பி வந்தால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இன்னொரு முறை கிடைக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் இது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஹீட்டர் விஷயத்த யார்கிட்டயாவது சொன்னியா?"

"அந்தப் பொண்ணு தினமும் கேக்கறாப்பா, எல்லாம் ஓகேவான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஓகேன்னேன்."

தோசைத் திருப்பியால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "போய் இப்பவே சொல்லு."

"எப்படிப்பா? இத்தன நாளா ஓகே ஓகேன்னுட்டு இப்ப போய் குளிருதுன்னா அவ என்ன நெனப்பா?"

"வெறச்சுக் கெடந்தா மட்டும் என்ன நெனப்பா?"

"நல்ல வாயி" என்றாள் மனைவி. "உங்க பொண்ணுதானே, வேற எப்படி இருப்பா? குழாயில தண்ணி வரலன்னு வீட்டுக்காரன்கிட்ட சொல்ல என்னைய அனுப்புற ஆளுதானே நீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "நானும் கூட வரேன். போனைக் கையில வெச்சுக்கிட்டு நட. கதவைத் தட்டு" என்றேன் மகளிடம்.

அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். நீளமான நடைபாதை ஆடியது. மகளின் காலுறை தெரிந்தது. கதவு தட்டும் சத்தம். பிறகு போன் முழுக்க ஒரு மஞ்சள் தலைமுடிப் பெண்ணின் முகம். என்னைப் பார்த்துக் கையாட்டி ஹலோ என்றாள். நான் பனியனில் இருந்தேன். சட்டென்று கேமராவை மாற்றித் தோசைக்கல்லைக் காட்டினேன்.

அவள் ஏதோ கேட்டாள். "அது என்ன, பேப்பர் மாதிரி இருக்கு, சாப்பிடறதான்னு கேக்கறாப்பா" என்றாள் மகள்.

"முதல்ல குளிருதுன்னு சொல்லு."

வண்டியின் முன்னால் நின்ற நாலு பேரும் போன் பக்கம் குனிந்தார்கள். பிறகு மகளின் குரல் இங்கிலீஷில் மெல்ல ஏதோ சொன்னது. அந்தப் பெண் நேராக மகளின் அறைக்குப் போனாள். ஜன்னலுக்குக் கீழே குனிந்தாள். ஹீட்டர் குழாயின் முனையில் இருந்த குமிழைத் திருகினாள். அது பூஜ்யத்தில் இருந்ததாம். அவ்வளவுதான் வேலை.

திரும்பி மகளிடம் எதையோ கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாதவளாக.

"என்னவாம்?" என்றேன்.

"தினமும் கேட்டேனே, நீ ஓகேன்னுதானே சொன்னேங்கறா."

அந்தப் பெண்மேல் இத்தனை நாள் இருந்த எரிச்சல் அங்கேயே போயிற்று. என் மகள் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். எரிச்சல் முழுவதும் என் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கதவருகே போன அந்தப் பெண் திரும்பி இன்னொன்று கேட்டாள். "சூப்" என்ற சொல் எனக்கே புரிந்தது. "நோ, நோ, தேங்க்ஸ்" என்றாள் என் மகள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தெருவில் நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்று போட்டேன். "ஏய், போடி. போய் வேணும்னு சொல்லுடி. அவ இன்னொரு தடவ கேக்க மாட்டா." எதிர்க் காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

மகள் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடினாள். எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கூரை மட்டும். கூரையைப் பார்த்தபடியே தோசை ஊற்றினேன். ஒரு பக்கம் கருகிய தோசைகளைச் சிலர் அப்படியே சாப்பிட்டார்கள், சிலர் குறை சொன்னார்கள். வெகுநேரம் கழித்து மகளின் முகம் மேலே வந்தது. குல்லாவைக் கழற்றியிருந்தாள்.

"இன்னும் போனை வைக்கலையாப்பா?"

"டிக்கெட் என்ன செய்யறது?" என்றேன்.

"நாளைக்குக் காலையில கிளாஸ் இருக்குப்பா." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "சூப்ல உப்பே இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருக்குன்னுட்டேன். உடனே இன்னொரு கிண்ணம் ஊத்திட்டா."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."