தனபால் சார் கேட்ட பஸ் கட்டம்

தனபால் சார் இன்று காலை இறந்துவிட்டார்.

அவர் மகன் போன் செய்தார். "அக்கா, அப்பா பூட்டாரு... நாலு மணிக்கு எடுக்கிறோம். சைட்ல போட்டுடுங்க."

போட உட்கார்ந்தால் ப்ளகின் தகராறு செய்கிறது. இன்றைக்குத்தானா?

தெரியாதவர்களுக்கு: நாங்கள் இருவரும் செஞ்சியில் ஒரே பிரஸ்ஸில் பதினொரு வருடம் வேலை பார்த்தோம். ஊர்க்காரர்களின் கல்யாணம், சாவு, காணாமல் போன மாடு, எல்லா அறிவிப்பும் வரும் பிரஸ் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். போனில் வரும் செய்தியை வாங்கி டைப் செய்து போடுவது அவர்.

அவருக்காகவே அந்த ப்ளகினைப் போட்டேன். சைட்டின் முன்பக்கத்திலேயே ஒரு படிவம் வரும். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களை நிரப்பி, பட்டனை அழுத்தினால் பதிவு தயார். சின்னப் பிள்ளைகூடச் செய்யும் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தேன்.

முதல் வாரமே ஜாபர் பாய் வீட்டு நிக்காஹ் அறிவிப்பை இரங்கல் டெம்ப்ளேட்டில் போட்டார். லிஸ்ட்டில் முதலில் இருந்தது அதுதானாம்.

மாப்பிள்ளை போட்டோவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். மேலே "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஜாபர் பாய் நேரே பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். "இன்னா சார், கல்யாணம் ஆயி பத்து வருஷம் கழிச்சு அவனே சொல்லப் போறத நீங்க இப்பவே போட்டுட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். தனபால் சார் சத்தமாகவே சிரித்தார். உட்கார்ந்து சரிசெய்தது நான்.

அதுகூடப் பரவாயில்லை. எங்கள் உண்மையான சண்டை பஸ்ஸைப் பற்றியது.

இரங்கல் டெம்ப்ளேட்டில் ஐந்தே கட்டம்: பெயர், வயது, ஊர், எடுக்கும் நேரம், போட்டோ. ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்றார். எந்த பஸ்ஸில் ஏறணும், எங்கே இறங்கணும்.

"மேப் லிங்க் தானா வருது சார். அத தொட்டா வழி காட்டும்."

"மேப்புல பஸ்ஸு வருமாம்மா?"

நான் மறுத்துவிட்டேன். அவர் விடவில்லை. பஸ் விவரத்தைத் தலைப்பில் எழுத ஆரம்பித்தார். "சிங்கவரம் கமலாம்மாள் காலமானார் காலை பத்து இருபது பஸ் ஏறி ஆலமரத்துல இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்." இதுதான் தலைப்பு. போனில் திறந்தால் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தலைப்புக்கு அறுபது எழுத்துதான் என்று கட்டுப்பாடு வைத்தேன். மறுநாள் ஒரே சாவுக்கு இரண்டு பதிவு. இரண்டாவதில் பெயர்க் கட்டத்தில் "தொடர்ச்சி" என்று எழுதி, ஊர்க் கட்டத்தில் பஸ் நேரம் போட்டிருந்தார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது... "ஏன் சார் இப்படி உயிர வாங்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "மொகம் பாக்க வர்றவங்கம்மா. கல்யாணத்துக்கு லேட்டா போனா சோறாச்சும் இருக்கும். இதுக்கு லேட்டா போனா இன்னா இருக்கும்?"

அன்றே அவர் லாகினை எடுத்துவிட்டேன். "இனிமே போன்ல எங்கிட்ட சொல்லிடுங்க சார், நானே போட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு தினமும் நான் பிரஸ்ஸிலிருந்து கிளம்பியதும், ஐந்தரைக்கு அவர் போன் வரும். இருட்டுவதற்குள் சாப்பிடும் சமணக் குடும்பம், அதனால் அவசர அவசரமாகச் சொல்வார். பெயர், வயது, ஊர், நேரம். "போட்டோ வாட்சப்ல இருக்கும்மா." வைத்துவிடுவார். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சைட் சுத்தமாக இருந்தது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

போன மாதம் தளவானூரிலிருந்து ஒரு அம்மா பிரஸ்ஸுக்கு வந்தார். செத்துப்போனது அவருடைய அண்ணன், கடைசியாக மகளோடு போய் இருந்த ஊரில். பேரன் மேப்பைப் பார்த்து பஸ்ஸிலிருந்து எங்கோ இறக்கிவிட்டிருக்கிறான். நடந்து போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"நேரம் போட்டீங்களே, எந்த பஸ்ஸுனு ஒரு வரி போட்டா இன்னா கொறஞ்சிடும்? மொகத்தக்கூட பாக்கலயே நான்..."

தனபால் சார் அப்போது அங்கேதான் இருந்தார். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கலாம் இந்த மனிதர். அதையும் செய்யவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கட்டத்தைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் அதற்கடுத்த வாரம்...

இன்று சேர்க்கப் போனேன். நேற்று ஏதோ அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. செட்டிங்ஸ் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

தலைப்பில் எழுதினேன். நான் வைத்த அறுபது எழுத்து பாதியில் வெட்டியது. பதிவின் உள்ளே போய் பஸ் விவரத்தைச் சேர்த்தேன். சேமித்ததும் டெம்ப்ளேட் மறுபடி ஐந்து வரியாக்கிவிட்டது. நான்கு முறை. இவ்வளவு ஒழுங்காக இதைச் செய்துவைத்தது யார் என்று திட்டிக்கொண்டே ஐந்தாவது முறையும் செய்தேன்.

சைட்டில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஊர், நேரம், பெரிய மீசையோடு அவர் போட்டோ, எல்லாம் இருக்கிறது. மேப் லிங்க்கூட இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். பஸ் விவரம் மட்டும் அதில் நிற்கவில்லை, அதனால்தான் இதை என் சொந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

கீழே அஞ்சலி சொல்பவர்கள் சொல்லுங்கள். முடிந்தவர்கள் கிளம்பி வாருங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மதியம் ஒன்றே முக்காலுக்கு அவர் ஊர் மேல்சித்தாமூருக்கு பஸ். அதை விட்டால் அடுத்தது மூன்றரைக்கு, அதில் வந்து பிரயோஜனம் இல்லை. அங்கே சமண மடத்து ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி நடந்தால் இடது பக்கம் இரண்டாவது தெரு. பச்சை கேட். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நானும் அந்த பஸ்ஸில்தான் வருகிறேன் சார்.