தேங்காய் எண்ணெய் பூசிய பிரேக்

உத்திரமேரூர் வட்டாரத்தில் பிரேக்குக்கு எண்ணெய் பூசியவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதுவும் தேங்காய் எண்ணெய். மாட்டுவண்டிக்காரர்கள் அச்சுக்கு மை போடுவது வண்டி ஓடுவதற்காக. வண்டி நிற்பதற்காக எண்ணெய் போட்டது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

எழுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு பழைய இங்கிலாந்து கார் இருந்தது. எஸ்டேட்காரர் ஒருவர் கைகழுவியதை நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்வி நிறுத்தும் காலிப்பர்தான் அதன் உயிர். என் வண்டியில் அது துருவேறி, இஷ்டப்பட்டால் பிடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

அந்தச் சமயம் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்ததால், அவள் தும்மினால்கூட வீடே திரும்பிப் பார்க்கும். விஜயதசமியன்று ஐயங்கார்குளத்துக்கு, அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வளைகாப்புக்கு வந்த மாமனார் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"டாக்சி வெச்சிக்கலாம் மாப்ள. உங்க வண்டி கெளம்பறதெல்லாம் நல்லாத்தான் கீது. நிக்கிறதுதான் அது இஷ்டம்."

ஆங்கிலத்தில் மோட்டார் பத்திரிகை படிப்பவனிடம் சொல்லும் பேச்சா இது? அடுத்த வாரமே மதராஸ் புதுப்பேட்டையில் ஒரு பழைய மோட்டார் சாமான் கடையில் நின்றேன். கடைக்காரர் சாக்கை விரித்தார். உள்ளே பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு காலிப்பர்கள்.

"சோழவரம் ரேஸ்ல ஓடின வண்டி சாமான் சார். பிரிச்சி, உள்ள எல்லாம் புச்சா போட்டு ரீகண்டிஷன் பண்ணிக்கீறோம்."

"புதுசு கிடைக்காதா?"

"புச்சுக்கு இன்னா சார் அனுபவம் கீது?"

அனுபவத்துக்கு மரியாதை கொடுத்து வாங்கிவிட்டேன். உள்ளூர் மெக்கானிக் மாட்டினார். ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது, வண்டி நின்ற வேகத்தில் அவர் தலை முன்கண்ணாடியில் போய் இடித்தது. "சூப்பர் சார்" என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சக்கரத்தை மாட்டியதும் அந்தச் சிவப்பு உள்ளே மறைந்துவிட்டது. யாருக்கும் தெரியாத பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆயுத பூஜை வந்தது. தெருவில் மண்வெட்டி, அரிவாள், பம்புசெட் எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, காலிப்பர்களைத் தெருவுக்குத் தரிசனம் கொடுக்க வைத்தேன். மெருகுக்குத் தேங்காய் எண்ணெய். பக்கத்தில் இரும்புத் தட்டு மங்கலாகத் தெரிந்தது. பாரபட்சம் எதற்கு என்று அதற்கும் ஒரு தடவு. மேலே சந்தனம், குங்குமம்.

வாசலில் நின்ற மனைவி கேட்டாள்: "சக்கரத்த மாட்டுனா ஒண்ணும் தெரியப்போறதில்ல. யாருக்கு இந்த அலங்காரம்?"

முந்தின நாளே வந்திருந்த அவள் அப்பாவுக்குத்தான். அதைச் சொல்லாமல் இன்னொரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலை எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். மாமனார் முன்சீட்டில் என் பக்கத்தில், மனைவி பின்னால் தலையணைகளுக்கு நடுவில். ஊருக்குள் ஊர்ந்து போனதால் பின்சக்கர பிரேக்கே சமாளித்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

திருப்புலிவனம் தாண்டியதும் தார்ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மிதித்தே தானியம் உதிர்ந்துவிடும். ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கதிரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அப்போதே பிடித்திருந்தால் எந்த ஓட்டை வண்டியும் நின்றிருக்கும். ரேஸ் காலிப்பர் என்றால் கிட்டப்போய்த்தானே பிடிக்க வேண்டும்? மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பிறகு அழுத்தினேன்.

கால் உள்ளே போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஹாரன் சத்தத்தில் அந்தப் பெண் துள்ளி விலகினாள். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் கதிரின்மேல் வழுக்கி, ஓரத்தில் இருந்த வைக்கோல் குவியலில் மூக்கைச் செருகி நின்றது.

"யோவ்! கதிர மிதிக்கத்தான் ரோட்ல போட்டுக்கீறேன், என்னியுமா மிதிக்கச் சொன்னேன்?" என்று முறத்தோடு ஓடிவந்தவள், பின்சீட்டைப் பார்த்ததும் பதறினாள். "அய்யய்யோ, புள்ளத்தாச்சியா! மொதல்ல எறக்குய்யா."

மனைவியை இறக்கி வைக்கோலில் உட்கார வைத்தோம். அவள் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

"அசையுதாம்மா?" என்றார் மாமனார்.

"தெர்ல நைனா."

அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி குடித்தாள். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஒரு பஸ் கதிரை மிதித்துப் போனது. சக்கரத்துப் பக்கமிருந்து தாளிப்பு வாசனை வந்தது. சந்தனமும் தேங்காய் எண்ணெயும் சூட்டில் கருகும் வாசனை. மாமனார் மூக்கை உறிஞ்சினார், காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து மனைவியின் விரல்கள் லேசாகத் தளர்ந்தன. "ம்... உதைக்குது" என்றாள். அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் அப்பாவும் மகளும் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். காலிப்பர்களைக் காரோடு சேர்த்து விற்றேன். அதன் பிறகு பல வருஷம், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் உராய்வைப் பற்றியும், எண்ணெய் எப்படி அதைக் கெடுக்கிறது என்பதைப் பற்றியும் விளக்குவது என் வழக்கமானது. ஒருநாள் அப்படி விளக்கி முடித்தபோது, காபி கொண்டுவந்த மனைவி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எண்ணெய் மேல எதுக்குப் பழி போடறீங்க? அன்னிக்கி ரோட்டையா பாத்தீங்க? எங்க நைனா மூஞ்சியத்தான பாத்துக்கினு வந்தீங்க."