அளவு ஐலாவும் நான்கு கார்டுகளும்

சால்மன் மீன் ஓடும் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து ஐலா லேத்தினென் வீடு எது என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். "அளவு ஐலா" என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஓடுகிற பஸ்ஸில் எவனாவது எழுந்து நின்றால் வண்டியை ஓரங்கட்டிவிடுவாள். அவன் உட்காரும்வரை பஸ் நகராது, மணி அடித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி.

ஆற்றில் அவள் இன்னும் மோசம். ஒருமுறை பாஸ்டரின் வாளியை எட்டிப் பார்த்து, "பைபிள்லதான் மீன் பெருகும்னு நெனச்சேன். உங்க வாளியிலயும் பெருகுதா பாஸ்டர்?" என்று கேட்டவள். அவள் புருஷன் ஹாங்க் உயிரோடிருந்தபோது ஒருநாள் சட்டம் விட்ட அளவுக்கு மேல் ஒரே ஒரு மீன் கூடுதலாகக் கொண்டுவந்தான். மீன்வளத்துறைக்குப் போன் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஐலாவேதான். ஹாங்க் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அசரவில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் கண் தெரியாது. அது தம்பி ஆர்வோ.

பதினோரு வருஷமாக, ஒவ்வொரு செப்டம்பரிலும், ஆற்றுக்குக் கூட்டிப்போக ஆளில்லாத நான்கு பிள்ளைகளைத் தன் பஸ்ஸிலிருந்து பொறுக்கி எடுப்பாள் ஐலா. படகு ஆர்வோவுடையது. பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் மீன்வளத்துறை தரும் கார்டு ஆளுக்கொன்று உண்டு. சால்மன் கைக்கு வந்ததும், தூண்டிலை மறுபடி வீசுவதற்கு முன், பிடித்தவர் கார்டில் பேனாவால் எழுதியாக வேண்டும். அன்றைக்கு ஆளுக்கு ஒரு மீன்தான். ஒன்று எழுதியாயிற்றா, தூண்டிலைச் சுருட்டு.

கார்டு நனைந்துவிடும் என்று பிள்ளைகளின் கார்டுகளையும் பேனாவையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு ஆர்வோவிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஆரம்பித்து வைத்தவள் ஐலாதான். சீசன் முடிந்ததும் கார்டுகளை மீன்வளத்துறை ஆபீசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். "நானே அனுப்பிடறேன்க்கா, நீ எதுக்கு அலையறே?" என்பான். இவளும் உருகிப்போய் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுப்பாள்.

பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். "மீன் பிடிக்கறதுன்னா பொறுமை வேணும்டா" என்று தேற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவாள்.

போன வருஷம், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் டோரிஸ், முப்பது வருஷத் தோழி, மெதுவாக வாயைத் திறந்தாள். "உன் தம்பி வீட்டு ஃப்ரீசர்ல இருக்கற மீனுக்கு அவன் ஒருத்தன் கார்டு பத்தாது ஐலா. சொன்னா கோவிச்சுக்காதே."

ஐலா கோபித்துக்கொண்டாள். அதோடு பேச்சை வெட்டிவிட்டாள். கடையில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் வந்த நால்வரில் ஒருத்தி மரிசோல், ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் காட்டில் பூக்கடைகளுக்குத் தழை வெட்டுகிறவர்கள், அவர்களுக்கு ஞாயிறும் இல்லை பண்டிகையும் இல்லை. தினமும் பஸ்ஸில் ஐலாவுக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். கார்டு கைக்கு வந்த நாளில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மிஸ், பாருங்க, என் பேரு அச்சுல வந்திருக்கு!" என்று பஸ் முழுக்கக் காட்டினாள். பையில் போடக் கேட்டபோது தர மனசில்லை.

"நானே சட்டைக்குள்ள வெச்சுக்கறேனே மிஸ்?"

"நனைஞ்சிடும்டி. என்கிட்ட குடு, பத்திரமா இருக்கும்."

கொடுத்தாள். படகேறுவதற்கு முந்தின நாளே பை ஆர்வோவிடம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை அவர்கள் படகுத்துறைக்குப் போனபோது படகின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. "மீன் எங்க ஓடுதுன்னு பார்த்துட்டு வந்தேன்க்கா" என்றான் ஆர்வோ. பழைய மரக் கம்பெனி வளைவில் போய் நங்கூரம் போட்டான். எப்போதும் பிள்ளைகளை அங்கேதான் கொண்டுபோவான். தண்ணீர் அமைதியாக இருக்கும், ஆபத்தில்லை என்பான்.

மணி இரண்டாயிற்று. ஒரு கடிகூட இல்லை. மற்ற மூவரும் தூண்டிலை விட்டுவிட்டு சாண்ட்விச்சில் இறங்கிவிட்டார்கள். அப்போதுதான் மரிசோலின் கோல் வளைந்தது.

"மிஸ்! மிஸ்! இழுக்குது!"

"விடாதே! கோலைத் தூக்கிப் பிடி! அப்படித்தான்டி என் தங்கம்!"

கால் மணி நேரம் போராடினாள். தூண்டிலை யாரிடமும் தரவில்லை. கடைசியில் ஆர்வோ வலையைப் போட்டான். பளபளவென்று நல்ல கோஹோ சால்மன். முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பு வெட்டப்பட்டிருந்தது. பண்ணையில் பொரித்து விட்ட மீன், வைத்துக்கொள்ளலாம். ஆர்வோவின் இரண்டு கையும் வலையில் இருந்ததால் பையை எடுத்துப் பிரித்தவள் ஐலா.

"அக்கா, அதை நான் பார்த்துக்கறேன். நீ இங்க வந்து வலையைப் பிடி."

அதற்குள் மரிசோலின் கார்டு அவள் கையில் இருந்தது. முதல் வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இன்றைய தேதி. கோஹோ. ஒன்று. ஆர்வோவின் சாய்ந்த கையெழுத்து. அடுத்த கார்டு, அதற்கடுத்தது, நான்கும் அப்படியே.

ஐலா ஐஸ்பெட்டியைத் திறந்தாள். ஐஸைக் கையால் தோண்டினாள். அடியில் நான்கு சால்மன் வரிசையாகக் கிடந்தன. நான்கு பிள்ளைகள், நான்கு மீன். கரையில் மீன்வளத்துறை அதிகாரி எண்ணிப் பார்த்தாலும் கணக்கு இடிக்காது.

"என்னடா இது?"

"கத்தாதேக்கா. விடியக்காலைல நாலு கிடைச்சுது. இதுங்க எங்க பிடிக்கப் போகுதுங்க? சும்மா வீணாப் போற கார்டு."

"எத்தனை வருஷமாடா?"

அவன் அசையாத தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு அந்த அமைதியான தண்ணீரின் காரணமும் விளங்கிற்று. பிள்ளைகள் மீன் பிடித்துவிட்டால் இவன் எழுதியது பொய்யாகிவிடும். அதனால் மீன் கடிக்காத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டிருக்கிறான், பதினோரு வருஷமாக. அவளோ பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவன் தன் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறான், அதற்கு ரொட்டியும் வாங்கித் தின்றிருக்கிறான்.

"என்ன மிஸ்? என் மீனை எழுதலையா?" என்றாள் மரிசோல்.

ஆர்வோ குரலைத் தாழ்த்தினான். "உன் கார்டு காலியாத்தானே இருக்கு? அதுல எழுதிக்கோ. குழந்தையும் சந்தோஷமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடா."

மீனைப் படகில் ஏற்றி, கட்டையால் ஒரே அடி அடித்தாள். மரிசோலின் கார்டில், அந்தப் பொய்க்குக் கீழே, தன் கையால் எழுதினாள்: கோஹோ. ஒன்று. "துறைக்கு விடு" என்றாள்.

துறையில் அதிகாரி நின்றிருந்தார். ஐலா தானே போய், பையை எப்போது கொடுத்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நான்கு கார்டுகளையும் ஆர்வோவின் தூண்டில்களையும் எடுத்துக்கொண்டார். மீன்களையும் எடுத்துக்கொண்டார். நான்கையல்ல, ஐந்தையும். வழக்கு முடியும்வரை எல்லாமே சாட்சி.

"அந்தப் பெரிய மீன் இவ பிடிச்சது சார். என் கண்ணால பார்த்தேன். அதை மட்டும் விட்டுடுங்க" என்று ஐலா கெஞ்சினாள். வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் அவள் விதிவிலக்கு கேட்டது அது ஒன்றுதான். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

"கூடப் பிறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேக்கா" என்றான் ஆர்வோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மரிசோல் அழவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

திங்கட்கிழமை டோரிஸிடம் போய், "நீ சொன்னது சரி" என்றாள் ஐலா. டோரிஸ், "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் மரிசோல் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். தன் நிறுத்தம் வந்ததும் முன்னால் வந்து, இறங்கும் படியில் நின்றாள்.

"மிஸ், அடுத்த வருஷம் புதுக் கார்டு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க கண்ணு. உன்னை மீன் கடிக்கற இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்."

"சரி மிஸ். ஆனா கார்டு நனைஞ்சாலும் பரவால்ல. உங்ககிட்ட தர மாட்டேன்."